வாசகர் கேள்வி-பதில்: மசாஜ் கடைக்கு இடம் விடலாமா?

கேள்வி: கலிபோர்னியாவில் எங்களுக்கு நான்கு கடைகள் கொண்ட சின்னக் கட்டடம் இருக்கிறது. காலியான கடையை மசாஜ் நிலையத்துக்குக் கேட்கிறார்கள். மசாஜ் என்ற பெயரில் விபசாரமும் மனிதக் கடத்தலும் நடப்பதாகச் செய்திகளில் படிப்பதால் தயக்கமாக இருக்கிறது. ‘சிட்டி லைசென்ஸ் வாங்கியாச்சு’ என்கிறார் ஏஜென்ட். அது போதுமா?

பதில்: போதாது. ‘சிட்டி லைசென்ஸ்’ என்று அவர் காட்டுவது பெரும்பாலும் பிசினஸ் லைசென்ஸாக இருக்கும். அது ஏறக்குறைய வரி கட்டிய ரசீதுதான். பூக்கடைக்கும் அதையேதான் தருவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது மசாஜ் நிலையத்துக்கான தனிப் பெர்மிட். அதைச் சில ஊர்களில் போலீஸ் துறை தரும், சில ஊர்களில் திட்டமிடல் துறை, சான் பிரான்சிஸ்கோவில் பொதுச் சுகாதாரத் துறை. அந்தத் தெருவில் மசாஜ் கடையே வைக்கலாமா என்பது எந்தப் பகுதியில் எந்தத் தொழில் நடக்கலாம் என்று சொல்லும் மண்டல விதியைப் பொறுத்தது. பல ஊர்களில் அதற்குத் தனி அனுமதி வேண்டும். பெர்மிட்டில் உங்கள் கடையின் முகவரி அச்சாகியிருக்கிறதா, உரிமையாளர் பெயரும் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போகிறவர் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். வேறு முகவரியின் பெர்மிட்டை நீட்டினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்தது வேலை செய்பவர்களின் சான்றிதழ். இதைக் கலிபோர்னியா மசாஜ் தெரபி கவுன்சில் என்ற அமைப்பு தருகிறது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், அங்கீகரித்த பள்ளியில் 500 மணி நேரப் பயிற்சி வேண்டும், கைரேகை மாநில நீதித்துறைக்கும் எஃப்பிஐக்கும் போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மாநிலச் சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. பல நகரங்கள் கட்டாயமாக்கியிருக்கின்றன. எண்ணைக் கவுன்சிலின் இணையதளத்தில் போட்டால் செல்லுமா, ரத்தானதா என்று தெரிந்துவிடும். சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியதை மட்டும் நம்பாதீர்கள். வேலையை விட்டுப் போனவரின் சான்றிதழ் அப்படியே தொங்குவதும், காசுக்கு வாங்கிய பயிற்சிச் சான்றும் இந்தத் தொழிலில் பழைய கதைகள்.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்: பெர்மிட் ரத்தானால் ஒப்பந்தமும் முடியும், உள்வாடகை கூடாது, முன்னறிவிப்போடு நீங்கள் உள்ளே வந்து பார்க்கலாம். வணிக இடத்துக்குள் நுழைய ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் உங்களுக்குத் துணை. ‘எனக்குத் தெரியாது’ என்பது கட்டட உரிமையாளரை எப்போதும் காப்பாற்றாது. கலிபோர்னியாவில் 1913இல் வந்த சட்டம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. விபசாரம் நடக்கும் கட்டடத்தைப் பொதுத் தொல்லை என்று அறிவித்து நீதிமன்றம் ஓராண்டு வரை பூட்டலாம். 25,000 டாலர் வரை அபராதமும் உண்டு.

கேள்வி: இவ்வளவு விதி இருந்தும் சட்டவிரோத மசாஜ் கடைகள் எப்படிப் பெருகின? ரெய்டுக்குப் பிறகு அதே கடை வேறு பெயரில் திறக்கிறதே?

பதில்: கலிபோர்னியா அனுபவமே பாடம். ஊருக்கொரு பெர்மிட் என்று தெரபிஸ்டுகள் அலைந்ததைத் தீர்க்க 2008இல் ஒரு சட்டம் வந்தது. எல்லாரும் சான்றிதழ் பெற்றவர்கள் என்றால் அந்தக் கடைமேல் நகராட்சி கூடுதல் கட்டுப்பாடு போட முடியாது என்றது அது. நோக்கம் நல்லதுதான். ஆனால் நகரங்களின் கை கட்டப்பட்டது, கடைகள் வரிசையாக முளைத்தன. 2015 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஏபி 1147 சட்டம் இடம், நேரம், பெர்மிட் பற்றிய அதிகாரத்தை நகரங்களுக்குத் திருப்பித் தந்தது. இப்போதும் எல்லை உண்டு: ஆணுக்குப் பெண் மசாஜ் செய்யக் கூடாது என்று நகராட்சி சொல்ல முடியாது, சான்றிதழ் பெற்றவரிடம் தனியாகப் பின்னணி விசாரணை கேட்கவும் முடியாது.

பெயர் மாறித் திறப்பதற்குக் காரணம் எளிது. பெர்மிட் ஆளோடு போகிறது. ரத்தானால் மைத்துனர் பெயரில் புது விண்ணப்பம். அதனால்தான் விவரம் தெரிந்த நகரங்கள் 5 சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ள எல்லாரையும் விசாரிக்கின்றன, மூடிய முகவரியில் குறிப்பிட்ட காலம் வரை புதுப் பெர்மிட் தருவதில்லை. அப்போதும் கடை பக்கத்து ஊருக்குப் போகலாம், அல்லது ‘கால் ரிஃப்ளெக்ஸாலஜி’ (பாதத்தை அழுத்திவிடும் சிகிச்சை) என்று பலகையை மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்கா முழுதும் இப்படி 9,000க்கும் மேற்பட்ட சட்டவிரோதக் கடைகள் இருப்பதாக மனிதக் கடத்தலை எதிர்க்கும் போலாரிஸ் அமைப்பு 2018இல் மதிப்பிட்டது.

எங்கள் பார்வையில் பெரிய கோளாறு வேறு. சோதனைக்கு வருகிறவர் கையில் கிடைப்பது அறையில் இருக்கும் பெண்தான். அபராதச் சீட்டு அவள் பெயரில் எழுதப்படுகிறது. முதலாளி அந்தப் பணத்தைக் கட்டி, அவள் தனக்குத் தர வேண்டிய கடனோடு சேர்த்துக்கொள்கிறான். ‘போலீஸ் உன்னைத்தான் பிடிக்கும்’ என்று அவன் மிரட்டியது உண்மையாகிவிடுகிறது. பெர்மிட் விதியின் அடி உரிமையாளர்மேல் விழ வேண்டும்.

கேள்வி: வீட்டில் கேரள முறை எண்ணெய்த் தேய்ப்புச் செய்து தருகிறேன். ‘இது மசாஜ் இல்லை, ஆயுர்வேதம்’ என்று சொன்னால் பெர்மிட் வேண்டாமா?

பதில்: பெர்மிட் தேவை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காசு வாங்கிக்கொண்டு உடலைத் தேய்ப்பது, பிசைவது, தட்டுவது எல்லாம் பெரும்பாலான நகர விதிகளில் மசாஜ்தான். எண்ணெயும் பெயரும் எதையும் மாற்றாது. வீட்டில் தொழில் செய்யத் தனி விதி உண்டு. திட்டமிடல் துறையில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: எங்கள் கடைக்குப் பக்கத்து மசாஜ் நிலையத்தில் சந்தேகமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: இருட்டிய கண்ணாடி மட்டும் குற்றமாகாது. பல அடையாளங்கள் சேர்ந்து வருகின்றனவா என்று பாருங்கள்: முன்கதவு பூட்டி மணி அடித்தால்தான் திறப்பது, ஆண்கள் பின்வாசல் வழியே வருவது, இரண்டு மூன்று வாரத்துக்கொருமுறை பெண்கள் பெட்டியோடு மாறுவது, இரவு அங்கேயே தங்கிச் சமைப்பது. சட்டப்படி வைக்க வேண்டிய மனிதக் கடத்தல் அறிவிப்பு வாசலருகே ஒட்டியிருக்கிறதா என்றும் கவனிக்கலாம். 8.5-க்கு 11 அங்குலத் தாள், 16 புள்ளி எழுத்து. ஆங்கிலம், ஸ்பானிஷ், அந்த மாவட்டத்தில் அதிகம் பேசும் இன்னொரு மொழி.

நீங்களே உள்ளே போய் விசாரிக்காதீர்கள். அடி உள்ளே வேலை செய்யும் பெண்ணுக்கு விழும். நாள், நேரம், வண்டி எண் குறித்துக்கொண்டு 1-888-373-7888 தேசிய உதவி எண்ணை அழையுங்கள், அல்லது 233733க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். பெர்மிட் பற்றிய சந்தேகம் மட்டும் என்றால் நகராட்சியின் விதி அமலாக்கப் பிரிவு போதும். அலறல் கேட்டால் 911.