ஞாயிற்றுக்கிழமை யாருடையது?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் கோண்டாவிலில் வசிக்கும் பாடசாலை ஆசிரியர் நான். நான்கு வருடங்களாக ஒரு காலாண்டிதழுக்கு வருகிற சிறுகதைகளை வாசித்து, எதைப் போடலாம், எதைத் திருத்தச் சொல்லலாம் என்று எழுதிக் கொடுக்கிறேன். சம்பளம் இல்லை, விருப்பத்துக்குச் செய்வது. போரால் நடந்த 1995 இடப்பெயர்வை வைத்து நானும் ஒரு நாவல் தொடங்கினேன். இரண்டு பிள்ளைகளோடு நாவற்குழிப் பாலத்தைக் கடக்கும் ஒரு பெண்ணின் கதை. மூன்று அத்தியாயத்தோடு நிற்கிறது. ஞாயிறுகளில் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொடிகாமத்தில் தன் தாயார் வீட்டுக்குப் போய்விடுவார், வீடு அமைதியாக இருக்கும். அந்த நாளும் மற்றவர்களின் கதைகளுக்கே போய்விடுகிறது. டொமினிக் ஜீவா வாழ்நாளையே இதழுக்குக் கொடுத்த ஊரில் நான் விலகினால் அது சுயநலம் ஆகாதா?

பதில்: விலகுங்கள் தம்பி. இதைக் கேட்க ஒரு கடிதமே தேவையில்லை. ஜீவா 1966இல் தொடங்கி நாற்பது வருடத்துக்கு மேல் நடத்திய மல்லிகை அவருடைய சொந்த இதழ். பிரதிகளைத் தானே கொண்டு திரிந்து விற்ற மனிதர் அவர். நீங்கள் இன்னொருவரின் இதழுக்குக் கை கொடுத்தவர், கையை எடுத்துக்கொள்ளலாம். இதழாசிரியர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருப்பார், அப்புறம் வேறு ஆளைப் பிடிப்பார். எல்லா இதழிலும் இதுதான் நடக்கிறது.

நான் நின்றது வேறொரு வரியில். ஞாயிறுகளில் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார், வீடு அமைதியாக இருக்கும் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நான்கு வருடமா? கோண்டாவிலில் இருந்து டவுணுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கொடிகாமத்துக்கு இன்னொன்று. ஒரு கையில் பை, மற்றக் கையில் சின்னது, மூத்ததுக்குச் சீட் கிடைக்குமா என்ற யோசனை. பின்னேரம் அதே பாடு திரும்பவும். வந்த கையோடு திங்கட்கிழமைக்கு யூனிபோர்ம் மினுக்க வேண்டும், இரவுச் சாப்பாடும் செய்ய வேண்டும். அந்த இதழுக்குச் சம்பளம் இல்லாமல் உழைத்தவர்களில் முதல் ஆள் உங்கள் மனைவி. இதழாசிரியர் என்ன நினைப்பாரோ, ஊர் என்ன சொல்லுமோ என்று ஒரு பக்கத்துக்குக் கவலைப்படுகிற நீங்கள் அவரைப் பற்றி எழுதியது அந்த ஒரு வரிதான்.

“அவவுக்கும் தாயைப் பார்க்க விருப்பம்” என்று சொல்வீர்கள். இருக்கும். ஆனால் ஒவ்வொரு ஞாயிறுமா? பிள்ளைகள் சத்தம் போட்டால் உங்கள் முகம் சுண்டுவதைப் பார்த்துவிட்டு வெளிக்கிடுகிறாவோ என்று ஒரு தரமாவது கேட்டீர்களா? விலகியதும் அந்த நாளை அப்படியே நாவலுக்குத் திருப்பிவிடுவதுதான் உங்கள் யோசனை. அவருக்கு என்ன மாறப்போகிறது? நேற்று ஊரார் கதை, இனி உங்கள் கதை, பஸ் அதே பஸ்.

நாவலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு நாவற்குழிப் பாலத்தைக் கடக்கிறாள் என்று எழுதத் தொடங்கி மூன்றாம் அத்தியாயத்தில் நிற்கிறீர்கள். கொடிகாமம் பஸ் எந்தப் பாலத்தால் போகிறது தம்பி? உங்கள் வீட்டுப் பெண் ஞாயிறு தவறாமல் இரண்டு பிள்ளைகளோடு அதைக் கடக்கிறார், நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பெண்ணைக் கற்பனை செய்கிறீர்கள். இந்த நாவல் நின்றதற்கு இதழைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்துச் சனம் மழைக்குள் வெளிக்கிட்டுச் செம்மணி வெளியால் போய்ச் சேர்ந்தது கொடிகாமம் இருக்கிற தென்மராட்சிக்குத்தான். அங்கே பள்ளிக்கூடம், கோயில், வீட்டு விறாந்தை எல்லாம் ஆட்கள். மாமி அப்போது அங்கே இருந்திருந்தால், எத்தனை குடும்பம் அந்த வளவுக்குள் கிடந்தது, கிணறு எப்படிப் போதியது, யாருக்கு எதில் சமைத்துக் கொடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒரு நாளாவது பக்கத்தில் இருந்து கேட்டீர்களா? மருமகன் வந்து இருந்து கதை கேட்டால் அந்த மனுசிக்கும் எவ்வளவு சந்தோசம்!

ஆகவே ஞாயிறு உங்களுடையது அல்ல. சின்னதைத் தூக்கிக்கொண்டு நீங்களும் போங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு பிள்ளைகள் உங்களோடு வீட்டில் நிற்கட்டும், மனைவி தனியாகப் போய்த் தாய் மடியில் படுத்துவிட்டு வரட்டும். எழுத்துக்குக் கிழமை நாட்களில் விடிய நாலரைக்கு எழும்புங்கள். குடும்பக்காரன் எழுதுவதென்றால் தன் நித்திரையைக் கொடுத்துத்தான் எழுத வேண்டும், பெண்சாதியின் நித்திரையை அல்ல. இதில் நான் பழைய ஆள்தான், மாறப்போவதில்லை.

கையில் மிச்சமாக இருக்கும் கதைகளை வாசித்து முடித்துக் கருத்தை எழுதிக் கொடுத்துவிட்டு விலகுங்கள். அரைகுறையாகக் கட்டித் திருப்பி அனுப்ப வேண்டாம். கையால் எழுதி வந்தவை இருந்தால், எழுதியவரிடம் வேறு பிரதி இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். 1981இல் நூலகத்தையே எரியக் கொடுத்த ஊர் இது, தொலைந்த கையெழுத்துப் பிரதிகளுக்கு இங்கே கணக்கில்லை. பதிவுத் தபாலில் அனுப்புங்கள். காசை இதழிடம் கேட்காதீர்கள்.