27 வயதில் நரம்பு சுருட்டல்: உடனே லேசர் வேண்டுமா?

கேள்வி: எனக்கு 27 வயது. மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடையில் வேலை. காலை முதல் இரவு வரை நின்றபடிதான். ஒரு வருடமாக இடது காலில் முட்டியின் உள்பக்கத்திலிருந்து கெண்டைக்கால் வரை பச்சையாகப் புடைத்துச் சுருண்டிருக்கிறது. சாயங்காலம் கால் கனத்து, கணுக்கால் வீங்குகிறது. அம்மாவுக்கும் இது உண்டு. உடனே லேசர் செய்யச் சொல்கிறார் ஒருவர். எண்ணெய் போட்டு உழிந்தால் (தடவி அழுத்திவிட்டால்) போதும் என்கிறார் நாட்டு வைத்தியம் பார்க்கும் ஓர் ஆசான். கல்யாணப் பேச்சும் நடக்கிறது. என்ன செய்வது டாக்டர்?

பதில்: இரண்டுக்கும் இப்போதே தலையாட்ட வேண்டாம். முதலில் நிற்கவைத்து எடுக்கும், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். அதைப் பார்க்காமல் யார் சொல்வதும் ஊகம்தான்.

காலிலிருந்து ரத்தத்தை மேலே ஏற்றும் பம்ப் உங்கள் கெண்டைக்கால் சதை. நடக்கும்போது அது இறுகி ரத்தத்தை மேலே தள்ளும். சிரைக்குள் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்; நரம்பு என்று நாம் சொல்வது இதைத்தான்) இருக்கும் வால்வுகள் ரத்தம் திரும்பி இறங்காமல் தடுக்கும். அசையாமல் நின்றால் பம்ப் ஓடாது, பாரமெல்லாம் கீழே தேங்கும். சிரைச் சுவர் தளர்வாக இருப்பது குடும்பத்தில் வருவது. அதோடு நின்றே பார்க்கும் வேலையும் சேர்ந்தால் இருபதுகளிலேயே வால்வு பழுதாகலாம். அடிக்கடி பழுதாவது தொடை இடுக்கில், தோலுக்கடியில் ஓடும் மேல்சிரை, தசைக்குள் ஓடும் ஆழ்சிரையோடு சேரும் இடத்திலுள்ள வால்வு. நீங்கள் பார்ப்பது முட்டிக்குக் கீழே, ஆனால் கோளாறு இடுக்கில் இருக்கலாம். அதனால்தான் புடைப்பை மட்டும் ஊசி போட்டு மறைத்தால் மீண்டும் வரும்.

ஸ்கேனில் கெண்டைக்காலை அழுத்தி விடுவார்கள். மேல்சிரையில் ரத்தம் அரை விநாடிக்கு மேல் பின்னோக்கி ஓடினால் வால்வு கசிகிறது என்று பொருள். படுக்கவைத்து மட்டும் எடுத்தால் கசிவு தெரியாமல் போகலாம், எடுப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆழ்சிரையில் பழைய ரத்தக்கட்டு உண்டா என்பதையும் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். இளம் வயதில் இடது காலில் மட்டும் வீக்கம் என்றால், இடுப்புக்குள் சிரை அழுத்தப்படுகிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கும். நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை பிரிவில் காட்டித் தொடங்கலாம்.

அதுவரை செய்யவேண்டியது, காலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறை போடுவது. பாத நாடியை மருத்துவர் பார்த்தபின், முட்டி வரையிலான இரண்டாம் வகுப்பு (23–32 மி.மீ. பாதரச அழுத்தம்) போதும். காலையில் வீக்கம் ஏறும் முன் கணுக்காலின் மெலிந்த இடம், கெண்டையின் பருத்த இடம், தரையிலிருந்து முட்டிக்குக் கீழ் வரை உயரம், மூன்றையும் டேப்பால் அளந்து வாங்குங்கள். செருப்பு சைஸைச் சொல்லி வாங்கினால் பொருந்தாது. படுக்கையை விட்டு இறங்கும் முன்பே போட வேண்டும்: குதிகால் வரை உள்வெளியாகப் புரட்டி, பாதத்தை நுழைத்து, குதிகாலைச் சரியாக உட்காரவைத்து, பிறகு சிறிது சிறிதாக மேலே ஏற்றுங்கள். ரப்பர் கையுறை போட்டால் பிடி வழுக்காது. நீளம் மிஞ்சினால் மேல் விளிம்பை மடித்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. மடித்த இடம் கயிறு கட்டியதுபோல் இறுக்கி, கீழே வீக்கத்தைக் கூட்டும். இரவில் கழற்றிவிடுங்கள். நிழலில் உலர்த்துங்கள், ஆறு மாதத்தில் இழுவிசை குறையும், புதிது வாங்க வேண்டும். நம்மூர்ப் புழுக்கத்தில் இதைப் போடுவது கஷ்டம்தான், ஆனால் சாயங்காலக் கனம் இதில்தான் குறையும். புடைப்பு மறையாது.

கடையில் அரை மணிக்கொரு தரம் குதிகாலை 20 முறை உயர்த்தி இறக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் 15 நிமிடம் நெஞ்சு மட்டத்துக்கு மேல் கால் இருக்கப் படுங்கள். உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் திருத்தமே வந்திருக்கிறது. அது உங்களுக்குச் சேரவேண்டிய உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

உழிச்சலைப் பொறுத்தவரை, தளர்ந்த வால்வை எந்த எண்ணெயும் இறுக்காது. சிரை கயிறுபோல் கெட்டித்து, சிவந்து வலிக்கும்போது அழுத்தி உழிவது ஆபத்து. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம்.

இடுக்கில் கசிவு உறுதியாகி, காலுறை போட்டும் தொந்தரவு குறையாவிட்டால், அல்லது உள்கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து அரித்தால், லேசர் அல்லது ரேடியோ அலை சிகிச்சைக்கு (பழுதான சிரையை உள்ளிருந்து சூடாக்கி மூடுவது) வயது தடையல்ல. மரத்துப்போகும் ஊசியில் செய்து அன்றே நடக்கவிடுவார்கள். சில இடத்தில் மரப்பு, தோல் நிறமாற்றம் வரலாம்; வருடங்கள் கழித்துப் புதிதாகவும் தோன்றலாம். கர்ப்பத்தில் சிரைகள் இன்னும் விரியும் என்பதால், தொந்தரவு லேசாக இருந்தால் பிரசவங்கள் முடியும்வரை காலுறையோடு தள்ளிப்போடலாம். தோல் மாறத் தொடங்கிவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். கல்யாணத்துக்குப் பின் கருத்தடை மாத்திரை எடுப்பதாக இருந்தால், இதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்தவை ரத்தக்கட்டு அபாயத்தைக் கூட்டும்.

புடைப்பு உடைந்து ரத்தம் பீறிட்டால் உடனே படுத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அந்த இடத்தை 10–15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். மேலே கயிறு கட்டாதீர்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.