ஏழரை மணிப் பள்ளி

கேள்வி: உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகன் நள்ளிரவு 12 மணிக்குப் படுக்கிறான். காலை 5.30க்கு எழுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. வாரம் மூன்று நாள் துணைப்பாட வகுப்பு முடிந்து 9.30க்குத்தான் வீடு திரும்புகிறான். பள்ளியைப் பிந்தித் தொடங்க வேண்டும் என்கிறார்கள்; அப்படிச் செய்தால் பிள்ளைகள் இன்னும் பிந்தித்தானே படுப்பார்கள்? கைப்பேசியைப் பிடுங்கி வைத்தால் போதாதா?
- ஒரு தாய், ஈசூன்

பதில்: போதாது, அம்மா. பருவ வயதில், தூக்கத்துக்கு உடலைத் தயார்படுத்தும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் சுரக்கும் நேரமே தள்ளிப்போகிறது. சிலருக்கு இரண்டு மணி நேரம் வரை. ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்தாலும் பிள்ளை இருட்டில் கொட்டக் கொட்ட விழித்துத்தான் கிடப்பான். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. உங்கள் மகனுக்குக் கிடைப்பது ஐந்தரை.

இதில் சிங்கப்பூருக்கென்றே ஒரு கோளாறு உண்டு. 1982 முதல் நம் கடிகாரம் கிரீனிச் நேரத்தைவிட 8 மணி நேரம் முந்தி ஓடுகிறது. நாம் இருக்கும் தீர்க்கரேகைக்கு 7 மணி நேரமே சற்று அதிகம். ஆக, 7.30க்கு அடிக்கும் பள்ளி மணி சூரியக் கணக்கில் ஏறத்தாழ 6.25. (ஏழரை என்றாலே நம்மவர்களுக்கு வேறு ஞாபகம் வரும்!) உடல் கடிகாரத்தை முன்னுக்கு இழுப்பது காலை வெளிச்சம். இங்கே சூரியன் எழுவதே ஏழு மணி வாக்கில். பிள்ளைகள் அதற்கு முன்பே பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார்கள்.

பிந்திப் படுப்பார்கள் என்ற உங்கள் சந்தேகம் பாதி சரி. 2016 ஜூலையில் நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 7.30ஐ 8.15 ஆக்கியது. டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் மாணவிகளின் தூக்கத்தை அளந்து பார்த்தார்கள். ஒரு மாதத்தில், பள்ளி நாள் இரவுகளில் படுக்கையில் இருந்த நேரம் சுமார் 23 நிமிடம் கூடியிருந்தது. ஒன்பது மாதம் கழித்தும் தூக்கம் முன்பைவிட 10 நிமிடம் அதிகம். 45 நிமிடமும் தூக்கமாகவில்லை, முழுக்க வீணாகவும் இல்லை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். 9.30க்கு வந்து, குளித்துச் சாப்பிட்டு, வீட்டுப்பாடத்தில் உட்காரும்போது 10.30. அந்த வகுப்புக்குப் பணம் கட்டியது கைப்பேசி அல்லவே! மூன்றில் ஒன்றையாவது சனிக்கிழமை காலை 10 மணிக்கு மாற்றுங்கள். படுக்கை நேரத்தை மூன்று நாளுக்கு ஒரு முறை 15 நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள்; ஒரேயடியாக ஒரு மணி நேரம் இழுத்தால் தூக்கம் வராது. பகல் தூக்கம் ஐந்து மணிக்குள், அரை மணிக்கு மேல் வேண்டாம். மாலை நான்குக்குப் பின் கோப்பி, தேநீர், குமிழித் தேநீர் கூடாது. காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரமாகும். வார இறுதியில் மதியம்வரை தூங்கவிட்டால் ஞாயிறு இரவு கண் மூடாது. கைப்பேசி கூடத்தில் சார்ஜ் ஆகட்டும், உங்களுடையதும் சேர்த்து.

7.30க்கு முன் தொடங்கக்கூடாது என்பதுதான் கல்வி அமைச்சின் நிலைப்பாடு. அதற்குப் பிறகு எப்போது என்பது பள்ளியின் கையில். பெற்றோர் ஆதரவுக் குழுவில் பேசுங்கள். வேலைக்குப் போகும் வழியில் பிள்ளையை இறக்கிவிடும் பெற்றோர்தான் முதலில் மறுப்பார்கள். 7 மணிக்கே வாயிலைத் திறந்து, உணவகத்தில் உட்கார இடம் தரும்படி பள்ளியிடம் கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.