ஆங்கிலிக்கன் பள்ளியின் ஆண்டிறுதி ஆராதனைகளை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: ஆங்கிலிக்கன் பள்ளி ஒன்றில் கிறிஸ்துமஸ் கீத ஆராதனை, விடைபெறும் மாணவர்களுக்கான ஜெபம், கடந்த ஆண்டை நினைத்துப் பார்க்கும் நேரம் ஆகியவற்றை ஏற்பாடு செய்யும் பொறுப்பு முதல்முறையாக வந்திருக்கிறது. பிற மதப் பிள்ளைகளும் நிறையப் பேர். எங்கே தொடங்குவது, எதில் சறுக்கும்?

இவற்றைப் பிரிப்பதில் தொடங்குங்கள். மூன்றையும் ஒரே மாலையில் திணிப்பதுதான் பெரும்பாலான பள்ளிகள் செய்யும் தவறு. தலைமையாசிரியர் அறிக்கை, பரிசளிப்பு, நன்றியுரை எல்லாம் அதே மேடையில் வந்து சேர்ந்தால் இரண்டரை மணி நேரம் ஓடிவிடும். சிறு வகுப்புப் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தைத் தாண்டியதும் நெளியத் தொடங்குவார்கள். பாடகர் குழுவின் தொண்டையும் அதற்குள் காய்ந்துவிடும். அறிக்கையும் பரிசும் மண்டபத்துக்குப் போகட்டும். விடைபெறுவோருக்கு ஒரு காலை நேரத் திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனை), ஆண்டை நினைத்துப் பார்க்க வகுப்பறை, மாலை ஆராதனை முழுக்கக் கீதங்களுக்கு. கல்வியாண்டு டிசம்பரில் முடியும் நாடுகளில்தான் மூன்றும் முட்டிக்கொள்ளும். ஆண்டின் நடுவில் பள்ளியை முடிக்கும் நாடுகளில் விடைபெறுதல் அப்போதே முடிந்திருக்கும், பாதிச் சுமை குறைவு.

நாள்காட்டியைக் கையில் எடுக்கும்போது திருச்சபை ஆண்டையும் பாருங்கள். அது ஜனவரியில் தொடங்குவதில்லை. நவம்பர் 30, பரிசுத்த அந்திரேயா தினம். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறுதான் அட்வெந்து முதல் ஞாயிறு; கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் அட்வெந்து காலமும் திருச்சபை ஆண்டும் அன்றே தொடங்குகின்றன. ஆகவே அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் விழும். 2022-இல் நவம்பர் 27, 2023-இல் டிசம்பர் 3. இந்த ஆறு நாள் வித்தியாசம் சின்னதாகத் தோன்றும். ஆனால் டிசம்பர் 3-இல் தொடங்கும் ஆண்டில், பள்ளி 12-ஆம் தேதி மூடினால், வாரத்துக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி ஏற்றிச் சேர்க்கும் அட்வெந்து இலை வளையத்தில் இரண்டுக்கு மேல் ஏற்ற வாய்ப்பிருக்காது. அப்படிப்பட்ட ஆண்டில் கடைசி நாள் காலைக்கூட்டத்தில் நான்கையும் அவசர அவசரமாக ஏற்றுவதைவிட இரண்டோடு நிறுத்துவது நல்லது. காத்திருக்கும் காலம் இன்னும் முடியவில்லை என்று பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களுக்கு நன்றாகவே புரியும்.

வளையம் என்றதால் ஒரு சின்ன விஷயம். மூன்று ஊதா, ஒரு இளஞ்சிவப்பு, நடுவில் வெள்ளை என்பது பரவலான வழக்கம். இளஞ்சிவப்பு மூன்றாம் ஞாயிறுக்கு. சில சபைகள் நான்கையும் ஊதாவாகவோ நீலமாகவோ வைப்பதுண்டு, அது தவறில்லை. முதல் மெழுகுவர்த்தி நான்கு வாரமும் எரிய வேண்டியது என்பதை மறந்து, காலை முழுக்க எரியவிட்டுவிடுவார்கள். ஜெப நேரத்துக்கு மட்டும் ஏற்றி, முடிந்ததும் அணைத்துவிடுங்கள். இலைகள் மூன்றாம் வாரத்தில் சருகாகிவிடும், அதுதான் தீப்பிடிக்கும் நேரம். இடையில் ஒருமுறை பச்சை இலைகளை மாற்றுங்கள்.

அட்வெந்தில் கிறிஸ்துமஸ் கீதம் பாடலாமா என்று ஒருவராவது கேட்பார். வழிபாட்டு ஒழுங்கின்படி கிறிஸ்துமஸ் டிசம்பர் 24 மாலையில்தான் தொடங்குகிறது. பள்ளியோ அதற்கு முன்பே மூடிவிடும். இதில் பிடிவாதம் பிடித்துப் பயனில்லை. கடைசி வாரம் வரை காலைக்கூட்டங்களில் அட்வெந்துப் பாட்டுகள், கடைசி வாரத்தில் கிறிஸ்துமஸ் கீதங்கள் என்று வைத்தால் போதும்.

இனி மாலை ஆராதனை. ஒன்பது வேதபாடங்களும் கீதங்களும் என்ற ஒழுங்கை 1880-இல் இங்கிலாந்தின் துரூரோவில் பேராயர் எட்வர்ட் ஒயிட் பென்சன் வகுத்தார். தேவாலயம் கட்டி முடியாததால் அப்போது மரக் கொட்டகை ஒன்றில்தான் அங்கே ஆராதனை நடந்தது. 1918 கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளில், முதல் உலகப் போர் முடிந்த சில வாரங்களில், கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் எரிக் மில்னர்-ஒயிட் அதை எடுத்துக்கொண்டார். ராணுவக் குருவாகப் பணியாற்றித் திரும்பியிருந்தவர் அவர். அடுத்த ஆண்டே வேதபாட வரிசையைத் திருத்தியும் விட்டார். 1928 முதல் பிபிசி வானொலி ஒலிபரப்பியதால் அது உலகமெங்கும் பரவியது. ஒழுங்கை உருவாக்கியவர்களே அதை மாற்றியிருக்கும்போது, உங்கள் பள்ளிக்கேற்ப நீங்கள் சுருக்குவதில் தயக்கம் வேண்டாம்.

முழு ஒன்பதும் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். சிறு பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்கு ஆறு போதும்: ஆதியாகமம் 3, ஏசாயா 9, லூக்கா 1-இல் காபிரியேல் மரியாளிடம் வருவது, லூக்கா 2-இல் பிறப்பும் மேய்ப்பரும், மத்தேயு 2-இல் சாஸ்திரிகள், யோவான் 1. முதலில் விட வேண்டியது ஆதியாகமம் 22. ஈசாக்கைப் பலியிடக் கொண்டுபோகும் பகுதியை ஏழு வயதுப் பிள்ளைக்கு விளக்கமில்லாமல் வாசித்துவிட்டுப் போக முடியாது. ஆதியாகமம் 3-ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள்; ஆதாம் ஏவாளின் விழுகையில்லாமல் தொடங்கினால் மீட்புக்குக் காரணமே தெரியாமல் போகும், கதை தொழுவத்தில் திடீரென்று முளைத்த மாதிரி ஆகிவிடும். ஆறு பாடம், சபையார் பாடும் நான்கு பாட்டு, பாடகர் குழு மட்டும் பாடும் மூன்று, தொடக்க ஜெபம், ஆசீர்வாதம்: 60 முதல் 65 நிமிடத்தில் முடியும். பாட்டுகளில் எல்லாச் சரணங்களையும் பாட வேண்டியதில்லை. எந்தச் சரணம் விடப்படுகிறது என்பது ஆராதனைத் தாளில் இருக்கட்டும். வாயால் அறிவித்தால் பாதிப் பேர் கேட்க மாட்டார்கள், பாட்டு நடுவில் இரண்டாகப் பிளக்கும்.

வாசிப்பவர்களின் வரிசைக்குப் பென்சன் காலத்து வழக்கம் அழகானது: பாடகர் குழுச் சிறுவனில் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து பேராயரில் முடியும். பள்ளியில் அது சிறு வகுப்புப் பிள்ளை, மூத்த மாணவர், அலுவலகத்திலோ தோட்டத்திலோ வேலை செய்பவர், ஆசிரியர், தலைமையாசிரியர், கடைசியில் யோவான் 1-க்குப் பள்ளிக் குருவானவர் என்று அமையலாம். ஆறு இடத்தையும் நிர்வாகக் குழுவினருக்குக் கொடுத்துவிடும் பழக்கம் இருக்கிறது, அதற்கு இடம் கொடுக்காதீர்கள். பிற மதப் பிள்ளைக்குப் பாடம் கொடுப்பதானால் முதலில் அவர்களையும் பெற்றோரையும் கேளுங்கள். லூக்காவின் மேய்ப்பர் பகுதி எல்லோரும் சொல்லக்கூடிய கதை, ஆனால் யோவான் 1 விசுவாச அறிக்கை போன்றது. அதை அவர்கள்மேல் ஏற்றக் கூடாது. பிரதியைப் பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடைவெளி விட்டு, ஒரே தாளில் அச்சிடுங்கள். வேதாகமத்தில் இடம் தேடிப் புரட்டும் சத்தம் ஒலிபெருக்கியில் இடி மாதிரி கேட்கும். தடுமாறும் இடங்கள் முன்பே தெரிந்தவைதான்: அகுஸ்து இராயன், சிரேனியு, குடிமதிப்பு. ஒத்திகை அதே இடத்தில், அதே ஒலிவாங்கியோடு நடக்க வேண்டும். காலியான ஆலயத்தில் எதிரொலி அதிகம், ஆட்கள் நிரம்பியதும் குறைந்துவிடும். ஒத்திகையில் கேட்டதை வைத்து ஒலி அளவைப் பூட்டிவிடாதீர்கள்.

மெழுகுவர்த்தியை எல்லோர் கையிலும் கொடுப்பதானால் ஒரு விதி: எரிகிற மெழுகுவர்த்தி நிமிர்ந்தே இருக்கும், எரியாததுதான் சாய்ந்து தீயை வாங்கிக்கொள்ளும். இதை முன்னதாகச் சொல்லாவிட்டால் உருகிய மெழுகு முன்னிருக்கைக்காரர் முதுகில்தான் விழும். ஒவ்வொன்றுக்கும் 8 முதல் 10 சென்டிமீட்டர் அகல அட்டை வளையம் போடுங்கள். சிறு வகுப்புகளுக்கு மின்விளக்கு மெழுகுவர்த்தியே போதும். நீண்ட கூந்தல் பின்னியிருக்கட்டும். பாடகர் அங்கி செயற்கை நூல் துணியாக இருந்தால் அவர்கள் கையில் நெருப்பே வேண்டாம். இரண்டு நடைபாதையிலும் தண்ணீர் வாளி, வாசல்கள் பூட்டப்படாமல், அங்கங்கே ஓர் ஆசிரியர். இருட்டில் பாட்டு வாசிக்க முடியாது என்பதையும் யாராவது யோசிக்க வேண்டும்: விளக்கணைந்த நேரத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டையே வையுங்கள்.

ஆண்டை நினைத்துப் பார்க்கும் நேரத்துக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், ஆங்கிலிக்கன் ஆராதனை முறைகள் அடங்கிய ஜெபப் புத்தகத்தில் அதற்கான சட்டகம் ஏற்கெனவே இருக்கிறது. பொதுப் பாவ அறிக்கையில், செய்யாமல் விட்டவை முதலிலும் செய்யத்தகாமல் செய்தவை பிறகும் வருகின்றன. 1662 ஜெபப் புத்தகத்தில் சேர்ந்த பொது ஸ்தோத்திரம் என்ற நன்றி ஜெபம், பேராயர் எட்வர்ட் ரெனால்ட்ஸ் இயற்றியது. சிருஷ்டிப்பு, பாதுகாப்பு, இவ்வாழ்வின் நன்மைகள் என்று நகர்ந்து மீட்புக்கு வருகிறது. இவற்றிலிருந்தே கேள்விகளை எடுக்கலாம். இந்த ஆண்டு செய்ய நினைத்து விட்டது எது? யாருக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை? எதிலிருந்து காக்கப்பட்டாய்? ‘இந்த ஆண்டு என்ன கற்றுக்கொண்டாய்’ என்று கேட்டால் ஆசிரியருக்குப் பிடித்த பதில்தான் வரும். 20 நிமிடம், தனித்தனியாக, பேசாமல். எழுதியதை யாராவது படிப்பார்களா என்பதை எழுதுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். படிப்பதானால், ஒரு பிள்ளை தனக்கு நேரும் தீங்கைப் பற்றி எழுதியிருந்தால் அதைப் பள்ளியின் பிள்ளைகள் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே சேர்ப்பது கடமை; இரகசியம் என்று முன்கூட்டி வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். யாருடையதையும் மேடையில் வாசிக்கவும் வேண்டாம்.

அந்த ஆண்டில் இறந்த மாணவர், ஆசிரியர், பழைய மாணவர் பெயர்களை வாசிப்பது ஒரே நிமிட வேலை. மனம் நோகடிப்பதும் அதுவே. ஒரு பெயர் விடுபட்டால் அந்தக் குடும்பம் அதை ஒருபோதும் மறக்காது. அட்வெந்திலிருந்து அட்வெந்து வரை என்று எல்லை வையுங்கள். அலுவலகம், வகுப்பாசிரியர்கள், பழைய மாணவர் சங்கம் மூவரிடமிருந்தும் தனித்தனிப் பட்டியல் வாங்கி ஒப்பிடுங்கள். குடும்பத்தின் சம்மதமும் பெயரின் உச்சரிப்பும் இரண்டு வாரம் முன்பே கையில் இருக்க வேண்டும். பட்டங்கள், பதவிகள் இல்லாமல் அகர வரிசையில், ஒரே குரலில் வாசிப்பது நல்லது. நாற்பது ஆண்டு பணியாற்றிய ஆசிரியரும் முதல் வகுப்புப் பிள்ளையும் அங்கே ஒரே வரிசையில்தான் நிற்பார்கள்.

விடைபெறுவோரின் திருவிருந்தில் வெட்கப்படுத்தாமல் இருப்பதே முக்கியம். திருவிருந்து பெறாதவர்கள் கைகளை மார்பில் குறுக்காக வைத்து வந்தால் ஆசீர்வாதம் மட்டும் பெறலாம். இருக்கையிலேயே அமர்ந்திருக்கவும் செய்யலாம். இரண்டையும் தாளில் எழுதி, ஒருமுறை வாயாலும் சொல்லுங்கள், அப்போதுதான் உட்கார்ந்திருப்பவர் தனித்துத் தெரிய மாட்டார். ஓர் இடத்தில் மட்டும் பரிமாறினால் நூறு பேருக்குப் பத்து நிமிடம் என்று கணக்கிடலாம். முந்நூறு பேர் என்றால் மூன்று இடம் வேண்டும். திராட்சரசத்தைத் தாராளமாக ஊற்றி வைக்காதீர்கள்: பிரதிஷ்டை செய்யப்பட்டதில் மிஞ்சியதை ஆலயத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, அங்கேயே பயபக்தியுடன் உட்கொள்ள வேண்டும் என்று 1662 ஜெபப் புத்தகம் விதிக்கிறது. காலை வெறும் வயிற்றில் அந்த வேலை குருவானவரிடம் போய்ச் சேரும். தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம் பிரதிஷ்டை செய்துகொள்ளவும் அதே புத்தகத்தில் வழி இருக்கிறது.

தரையில் விழுந்த மெழுகை அன்றிரவே தேய்க்காதீர்கள். மறுநாள் ஐஸ் வைத்து இறுகச் செய்து மழுங்கிய கரண்டியால் சுரண்டினால் கல்தரையில் பிசிறின்றி வரும். விரிப்பில் விழுந்ததைச் சுரண்டிவிட்டு, மீதியின்மேல் உறிஞ்சும் தாள் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு எடுங்கள். அதனால் விரிப்புகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளை ஆராதனைக்கு மறுநாளாக வைக்காமல் ஒரு நாள் தள்ளி வையுங்கள்.