ஜெபமாலைக்கு நடுவே ஒரு பூனை

அன்புள்ள ஐயா,

நான் தங்கச்சிமடத்தைச் சேர்ந்தவள். என் கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். இப்போது மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வீட்டில் இருக்கிறார். மாலை ஜெபமாலையை அவரே முன்னின்று சொல்கிறார். போன வாரம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "அர்ச்சிஷ்ட மரியே, சர்வேசுரனுடைய மாதாவே, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக" என்று பதில் சொல்லி வந்த என் மாமியார், ராகம் கொஞ்சமும் மாறாமல், "பூனை சீலாக் கருவாட்டைத் தூக்குது, இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்" என்று முடித்துவிட்டார். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். என்னாலும் அடக்க முடியவில்லை. கணவர் பாதியில் எழுந்து போனவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. ஜெபத்தில் சிரிப்பது விசுவாசக் குறைவா? இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

பாவசங்கீர்த்தனத்தில் எதைச் சொல்வது என்பதை உங்கள் பங்குத்தந்தைதான் கூற முடியும். அவரும் இதைக் கேட்டுவிட்டு முகத்தை எப்படி வைத்துக்கொள்வார் என்பது எனக்கு நிச்சயமில்லை. விசுவாசத்தைப் பற்றிய உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் எனக்குத் தெரிந்த வழியில் பதில் சொல்கிறேன்.

நான் கீழக்கரைக்கு மேற்கே ஒரு கடலோர ஊரில் வளர்ந்தவன். எங்கள் அப்பத்தாவுக்கு ஏர்வாடி தர்காவும் உத்தரகோசமங்கைக் கோயிலும் ஒன்றுதான். இரண்டு இடத்திலும் அவர் நேர்த்திக்கடன் வைத்திருந்தார், இரண்டு இடத்திலும் பாக்கி இருந்தது. உத்தரகோசமங்கையின் மரகத நடராசர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பிலேயே இருப்பவர். மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டுமே அந்தக் காப்பைக் களைந்து அபிஷேகம் செய்வார்கள். அந்தத் தரிசனத்துக்காக விடிய விடிய வரிசையில் நின்று, சந்நிதியில் கண்ணீர் வழியக் கும்பிட்டு வந்த அப்பத்தா, வெளியே வந்து செருப்பைத் தேடியபடி, "வருசத்துக்கு ஒருநா குளிக்கிறவரு, நம்மளச் சுத்தபத்தமா வரச் சொல்றாரு பாரு" என்றார். கண்ணீர் அப்போதும் முழுவதும் காய்ந்திருக்கவில்லை. இதைக் கேட்டுப் பக்கத்தில் நின்ற ஒருவர் முகம் சுளித்தது நினைவிருக்கிறது.

அவர் சுளித்திருக்க வேண்டியதில்லை என்று எனக்குப் பிற்காலத்தில்தான் தெரிந்தது. மாணிக்கவாசகர் அதே ஊர் இறைவனை நோக்கித்தான் திருவாசகத்தின் நீத்தல் விண்ணப்பத்தைப் பாடினார். பெயர் விண்ணப்பம், பாண்டியனிடம் அமைச்சராக இருந்தவர் என்பதால் மனு எழுதும் முறை அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் 50 பாடல்களிலும் "விடுதி கண்டாய்", அதாவது என்னைக் கைவிட்டு விடுவாயா, என்று கெஞ்சிக்கொண்டே வருகிறவர், முடிவை நெருங்கும்போது மிரட்டலில் இறங்கிவிடுகிறார். என்னை விட்டாயானால், நீ யாருடைய அடியான் என்று கேட்பவர்களிடம், உத்தரகோசமங்கைக்கு அரசனுடைய அடியாருக்கு அடியான் என்று சொல்லி, ஊரே உன்னைப் பார்த்துச் சிரிக்கும்படி செய்வேன் என்கிறார். 48ஆம் பாடலின் கடைசிச் சொல்லே "சிரிப்பிப்பனே" என்பதுதான். அடுத்த பாட்டில் தோலை உடுத்திய பித்தன், நஞ்சை உண்ட பித்தன், சுடுகாட்டு நெருப்பில் ஆடும் பித்தன் என்று ஏசிக்கொண்டே போய், கடைசியாக வைக்கும் வசவு இது: "என்னையும் ஆளுடைப் பிச்சன்." என்னைப் போன்ற ஒருவனைப் போய் அடிமையாக ஏற்றுக்கொண்டாயே, உன்னைவிடப் பைத்தியக்காரன் உண்டா என்பது பொருள். கேலி சுற்றிச் சுற்றிக் கேலி செய்தவர் தலையிலேயே வந்து இறங்குகிறது. இப்படிப் பேச உறவுக்காரனுக்குத்தான் துணிவு வரும். அன்னியர் மரியாதையாகவே பேசிவிட்டுப் போவார்கள்.

உங்கள் வேதாகமத்திலும் 90 வயதில் பிள்ளை பிறக்கும் என்று கேட்டுக் கூடாரத்துக்குள் நின்று சிரித்த சாராவை நீங்கள் அறிவீர்கள். ஏன் சிரித்தாள் என்று கடவுள் கேட்டார். அவளோ பயந்துபோய், சிரிக்கவில்லை என்று சாதித்தாள். பிறந்த பிள்ளைக்கு வைத்த ஈசாக்கு என்ற பெயருக்குச் சிரிப்பு என்பதே பொருள்.

ஆகவே உங்கள் மாமியாரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஜெபத்தையும் கருவாட்டையும் ஒரே மூச்சில் காக்கத் தெரிந்தவர் அவர். எனக்கு உங்கள் கணவரைப் பற்றித்தான் எண்ணம் ஓடுகிறது, அதற்குக் காரணம் என் வீட்டில் நடந்த ஒன்று.

எனக்குப் பத்து வயதிருக்கும். சோளகக் காற்று திடீரென்று வலுத்த ஒரு நாளில், அப்பா வலையைக் கடலில் பறிகொடுத்துவிட்டு வெறும் வள்ளத்தோடு கரை வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் யாரோடும் பேசாமல் சாமி படத்தின் முன்னால் சூடத்தை வைத்துத் தீக்குச்சியை உரசினார். மடியிலிருந்த தீப்பெட்டி நனைந்திருந்தது. முதல் குச்சியின் மருந்து உதிர்ந்தது, இரண்டாவது ஒடிந்தது, மூன்றாவது வெறுமனே வழுக்கியது. நான் சிரித்துவிட்டேன். அப்பா அடிக்கவில்லை, தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். அடித்திருந்தால் இத்தனை வருடம் நினைவிருந்திருக்காது.

அப்பத்தா அந்தப் பெட்டியை எடுத்து அடுப்பு ஓரத்தில் சற்று நேரம் காட்டினார். ஒரு குச்சியைத் தன் தலைமுடியில் நாலு தரம் தேய்த்து உரசினார். பற்றிக்கொண்டது. சூடத்தைக் கொளுத்திவிட்டு, திண்ணைவரை கேட்கும்படி சாமியிடம் சொன்னார்: "வலையத்தான் எடுத்துக்கிட்ட, தீப்பெட்டியவாச்சும் விட்டு வையி." திண்ணையிலிருந்து முதலில் ஒரு செருமல் கேட்டது, பிறகு சிரிப்பு. எழுந்து உள்ளே வந்து திருநீறு பூசிக்கொண்டார்.

உங்கள் கணவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடல் இல்லை. படகு கரையில் கிடக்கும். வருமானம் நிற்கும், கடன் நிற்காது. மற்ற நாட்களில் கடலில் இருக்கும் மனிதர், இந்த நாட்களில் வீட்டில் எந்த வேலைக்கும் குறுக்கே நிற்பவராகத்தான் தன்னை உணர்வார் என்று நினைக்கிறேன். அவர் கையில் எடுத்து நடத்துவதற்கு இருந்தது அந்த ஜெபமாலை ஒன்றுதான். அதன் நடுவே வீடே சிரித்தபோது, மாதாவைப் பார்த்துச் சிரித்ததாக அவர் எண்ணியிருக்க மாட்டார். தன்னைப் பார்த்துச் சிரித்ததாகவே பட்டிருக்கும். விசுவாசத்துக்குக் குறைவு ஏதும் நேரவில்லை. ஒரு மனிதர் திண்ணையில் தனியாக உட்கார்ந்துவிட்டார், அவ்வளவே. இதற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்டால் அவருக்குக் கூச்சம்தான் மிஞ்சும். உங்கள் வீட்டிலும் இதைச் சரிசெய்யக்கூடியவர் மாமியார்தான் என்று தோன்றுகிறது. அவரை அவர் போக்கில் விடுங்கள், இன்றைக்கில்லாவிட்டால் நாளை அவரே ஏதாவது சொல்லிவைப்பார்.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். சீலாக் கருவாடு தப்பியதா?

அன்புடன்.