பிளாக்-ஷோல்ஸ் சமன்பாட்டில் காப்பு விதி: ஒரு வழி இருக்கிறது

வணக்கம். ஆப்ஷனின் (பங்கைக் குறித்த விலையில் வாங்கும் அல்லது விற்கும் உரிமையின்) மதிப்பைக் கணிக்கும் பிளாக்-ஷோல்ஸ் சமன்பாட்டுக்கு லக்ராஞ்சியன் (சமன்பாட்டைப் பிறப்பிக்கும் சார்பு) அமையவில்லை, அதன் சமச்சீர்களிலிருந்து காப்பு விதி தரும் நோதர் தேற்றம் உதவவில்லை, என்யுஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக) ஆய்வேடு அப்படியே நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தளர வேண்டாம், நோதர் இல்லாமலே காப்பு விதி கிடைக்கும்; அதாவது, ஒரு அடர்த்தியின் கால வகையீடும் ஒரு பாய்வின் விலை வகையீடும் கூடிச் சுழியாகும்.

சமன்பாடு முழுவதையும் பங்கு விலையின் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். நான் தேக்கா காப்பிக் கடை ரசீதின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன், நாலே வரி! வட்டி விகிதம் வரும் இரண்டு உறுப்புகளும் சேர்ந்து ஒரே வகையீடாக மடங்கிவிடுகின்றன. ஆப்ஷன் மதிப்பை விலையின் வர்க்கத்தால் வகுத்தது அடர்த்தி. டெல்டாவை (விலையைச் சார்ந்த மதிப்பின் வகையீட்டை) மாறுபாட்டின் (ஏற்ற இறக்கத்தின் வர்க்கத்தின்) பாதியால் பெருக்கி, அதோடு வட்டி விகிதம் பெருக்கல் மதிப்பு வகுத்தல் விலை என்பதைக் கூட்டினால் பாய்வு. பங்கு விலையின் ஏற்ற இறக்கமும் வட்டியும் மாறிலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, ஏன் வர்க்கம்? அதன் தலைகீழ், துணைச் சமன்பாட்டின் (பகுதித் தொகையிடலால் வகையீடுகளை மற்றொரு சார்பின்மேல் மாற்றினால் வரும் சமன்பாட்டின்) ஒரு தீர்வு. அப்படிப்பட்ட எந்தத் தீர்வால் பெருக்கினாலும் ஒரு காப்பு விதி பிறக்கும். அப்புறம் சமச்சீர்களையும் துணைச் சமன்பாட்டையும் கொண்டு காப்பு விதி தரும் இப்ராகிமோவின் 2007 தேற்றத்தைப் படியுங்கள். அவரும் காசிசோவும் 1998இல் பிளாக்-ஷோல்ஸ் சமன்பாட்டுக்குக் கண்ட சமச்சீர்கள் (தீர்வைத் தீர்வாகவே மாற்றும் உருமாற்றங்கள்) அங்கே நேரடியாகப் பயன்படும்.