விண்டோஸோடு சேர்த்து லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தையும் நிறுவினேன். வைஃபை தெரியவில்லை, விண்டோஸ் டிரைவில் எதையும் சேமிக்க முடியவில்லை. என்ன செய்வது?

பதற வேண்டாம், கணினி கெட்டுப்போகவில்லை. கடலூர் முதுநகரில் அத்தையின் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவிய அன்று எனக்கும் இதே இரண்டும் நேர்ந்தன.

முதலில் வைஃபை. சில வைஃபை சில்லுகளின் டிரைவர், அதாவது அவற்றை இயக்கும் மென்பொருள், திறந்த மூல மென்பொருள் அல்ல; அதனால் லினக்ஸோடு சேர்ந்து வராது. அதைப் பிறகு தனியாக இறக்க வேண்டும். இணையம் இருந்தால்தான் டிரைவர், டிரைவர் இருந்தால்தான் இணையம் என்ற முடிச்சில்தான் பலர் மனம் தளர்ந்து விண்டோஸுக்கே திரும்பிவிடுகிறார்கள். முடிச்சை அவிழ்க்க ஒரு கேபிள் போதும். கைப்பேசியை யுஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்து, கைப்பேசி அமைப்புகளில் யுஎஸ்பி டெதரிங்கை (கைப்பேசியின் இணையத்தைக் கேபிள் வழியே கணினிக்குத் தரும் வசதி) இயக்குங்கள். உடனே இணையம் வந்துவிடும். பிறகு மெனுவில் டிரைவர் மேனேஜரைத் திறந்து, பரிந்துரைக்கப்படும் டிரைவரைத் தேர்ந்தெடுத்து, கணினியை மறுபடி தொடங்குங்கள். அத்தை வீட்டில் திரையின் வலது மூலையில் அந்த வளைகோடுகள் மெல்ல நிரம்பியதைப் பார்த்து இருவரும் கைதட்டினோம்.

டிரைவ் சிக்கலுக்குப் பெரும்பாலும் காரணம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது இயங்கினால் விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதி உறக்கத்தில் இருக்கும். கோப்புகள் சிதையக்கூடாது என்பதற்காக, லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டுமே திறக்கிறது. விண்டோஸின் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிட்டு, ஒருமுறை முழுதாக அணையுங்கள்.

விண்டோஸில் கடிகாரம் 5 மணி 30 நிமிடம் பின்தங்கினாலும் கவலைப்படாதீர்கள். லினக்ஸ் கணினிக் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது.